ஒரு டன் கார்பனுக்கு என்ன விலை?

கார்பன் உமிழ்வால் வரும் சேதத்தைப் பணத்தில் கணக்கிடுவது என் வேலை. காலநிலையையும் பொருளாதாரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் கணினி மாதிரியை இரண்டு முறை ஓட்டுவோம்: ஒருமுறை உள்ளது உள்ளபடி, மறுமுறை ஏதாவது ஓர் ஆண்டில் கரியமில வாயுவைக் கொஞ்சம் கூட்டி. விளைச்சல், கடல்மட்டம், வெப்பச் சாவுகள் என்று 2300-ஆம் ஆண்டு வரை வரும் வித்தியாசத்தையெல்லாம் இன்றைய மதிப்புக்கு மாற்றிக் கூட்டி, கூடுதலாகச் சேர்த்த டன்களால் வகுத்தால், ஒரு டன்னின் விலை வந்துவிடும்.

சிக்கலே அந்த 'இன்றைய மதிப்பு'தான். வருங்காலப் பணத்தை ஆண்டுக்கு எத்தனை சதவீதம் குறைத்து மதிப்பது? இதுதான் டிஸ்கவுண்ட் ரேட். நூறு ஆண்டு கழித்து நேரும் 100 டாலர் சேதம், 2 சதவீதத்தில் இன்று சுமார் 14 டாலர். 3 என்றால் 5 டாலர். 7 என்றால் 12 சென்ட்! ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரே ஒரு கட்டத்தை மாற்றினால் போதும், நம் கொள்ளுப்பேரன் காலத்து வெள்ளம் ஒன்றுமே இல்லாமல் போய்விடும்.

டிரம்ப்பின் முதல் ஆட்சியில் அமெரிக்க அரசு ஒரு டன் கரியமில வாயுவுக்கு 1 முதல் 7 டாலர் என்றது. 3, 7 சதவீத வீதங்கள். அதோடு, நாட்டுக்கு வெளியே நேரும் சேதம் சேர்க்கப்படவில்லை. 2021-இல் அது 51 டாலர் ஆனது. 2023-இல் அங்குள்ள சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2 சதவீதத்தில் 190 டாலர் என்றது. சேத ஆய்வுகளும் இடையில் மேம்பட்டன, உண்மைதான். ஆனாலும் வீதத்தின் பங்கு பெரியது. கூட்டங்களில் இதைத் தொழில்நுட்ப விஷயம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. இன்னும் பிறக்காதவர்களுக்கு எவ்வளவு மதிப்புத் தருகிறோம் என்பது நாம் எடுக்கும் முடிவு. அதை வாய்விட்டுச் சொல்லி விவாதிக்க வேண்டும்.

அப்புறம், உயிருக்குப் போடும் விலை. பல மாதிரிகள் அந்தந்த நாட்டு வருமானத்தை ஒட்டியே அதைப் போடுகின்றன. அதே வெப்பத்தில் போன உயிர்தான், ஆனால் ஏழை நாட்டு வரிசையில் சின்ன எண்ணாக நிற்கும். அந்த வரிசையைச் சரிபார்க்கும்போது எனக்குக் கையே ஓடாது. ஜெர்மனியின் சுற்றுச்சூழல் முகமை, ஏழைகளின் இழப்புக்குக் கூடுதல் எடை கொடுத்துக் கணக்கிடுகிறது. முடியாத காரியம் ஒன்றுமில்லை.

அழிந்துபோகும் உயிரினங்கள், ஊரைவிட்டுப் போக நேர்வது, சண்டைகள் ஆகியவை பெரும்பாலும் கணக்கில் ஏறுவதே இல்லை. ஏறாததெல்லாம் பூஜ்யமாகிவிடுகிறது. அதனால் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே, விலைக்குக் கீழே, விடுபட்டவற்றின் பட்டியலையும் வைக்கிறேன். பின்னிணைப்புக்கு மாற்றலாமே என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்கிறார்கள். நான் மாற்றுவதில்லை.