ரப்பர் பந்தும் 41 விநாடியும்

33 வருடம் ஒரே பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்தேன். சின்ன ஊர். அம்மாவுக்கும் நான்தான் பாடம் எடுத்திருப்பேன், பிள்ளைக்கும் நான்தான். ஓய்வு பெற்ற வாரம் லேப் அலமாரியைக் காலி செய்யும்போது அடித்தட்டில் அந்த ரப்பர் பந்து கிடந்தது. உச்சியில் ஒரு கொக்கி, கொக்கியில் பழைய நூல். அதைக் கையில் எடுத்ததும் வேலையை விட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆரம்ப வருடங்களில் போர்ஷனை முடிப்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. "ஊசலின் அலைவு நேரம், அதாவது ஒருமுறை போய்வர எடுக்கும் நேரம், குண்டின் நிறையைப் பொறுத்ததல்ல" என்று நான் சொல்வேன், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். பரீட்சையிலும் அதையே எழுதுவார்கள். மார்க் வரும். எல்லோரும் பாஸ். நன்றாகத்தான் நடத்துகிறோம் என்று நம்பினேன்.

நான்காவது வருடம் என்று நினைவு. ஒளி பாடம் பாதியில் நிற்கிறது, பரீட்சைக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது. ஜன்னல் ஓரம் இருந்த பையன் எழுந்து, "டீச்சர், நிலா ஏன் பகல்லயும் தெரியுது?" என்றான். ஜன்னலுக்கு வெளியே அரைநிலா வெளிறிப்போய் நின்றுகொண்டிருந்தது. "அதெல்லாம் அப்புறம், உட்காரு" என்றேன். உட்கார்ந்தான். அந்த வருடம் முடியும்வரை அவன் கை தூக்கவே இல்லை. அடுத்த வருடம் அவர்கள் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது.

எனக்குப் பதில் தெரியாமல் இல்லை. நிலா ஒரு நாளில் ஏறக்குறைய பாதி நேரம் வானத்தில் இருக்கிறது. அது இரவில்தான் வர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வளர்பிறை அரைநிலா நண்பகல் வாக்கில் உதிக்கும், தேய்பிறை அரைநிலா நண்பகல் வாக்கில் மறையும். இரண்டு நிமிடப் பேச்சு. அந்த இரண்டு நிமிடத்தை நான் கொடுக்கவில்லை என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

அதற்கடுத்த வருடம் ஊசல் பாடத்துக்கு நான் எதையும் எழுதிப்போடவில்லை. கோலி அளவு இரும்புக் குண்டு, அதைவிடக் கொஞ்சம் பெரிய கல், இரண்டு கைக்குள் அடங்குகிற ரப்பர் பந்து. மூன்றிலும் ஒரு மீட்டர் நூல் கட்டிக்கொண்டு வந்தேன். "எது வேகமா ஆடும்? கை தூக்குங்க." முக்கால்வாசிப் பேர் இரும்புக்குத் தூக்கினார்கள். எண்ணிக்கையைப் போர்டில் எழுதிவைத்தேன். அப்புறம் ஆணியில் மாட்டி, கொஞ்சமாக இழுத்துவிட்டு, 20 அலைவுகளுக்கு ஸ்டாப் வாட்ச் பிடித்தோம். இரும்பு 40 விநாடி. கல் 40. ரப்பர் பந்து 41.

வகுப்பே கத்தியது. "பாத்தீங்களா, லேசா இருக்கிறது மெதுவா ஆடுது!"

நான் இதை எதிர்பார்க்கவில்லை. சொல்லிவிடலாமா என்று நாக்கு துறுதுறுத்தது. பேசாமல் இன்னொரு முறை ஆட்டச் சொன்னேன். மறுபடியும் 41. கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி முன்னால் வந்தாள். ஊசல் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பந்தையும் குண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "டீச்சர், நூல் ஒரே அளவுதான். ஆனா பந்து பெருசு. அதோட நடுப்பகுதி இன்னும் கீழ தொங்குது." அளந்து பார்த்தோம். முடிச்சிலிருந்து பந்தின் நடு வரைக்கும் 5 சென்டிமீட்டர். அந்த அளவுக்கு நூலைக் குறைத்துக் கட்டி விட்டபோது 40 விநாடி வந்தது. 5 சென்டிமீட்டர் நீளத்துக்கு 20 அலைவில் ஒரு விநாடி வித்தியாசம்! டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் 1656-இல் ஊசல் கடிகாரம் செய்த கதையை அன்றைக்குச் சொன்னபோது, தங்கள் சொந்தக்காரர் ஒருவரைப் பற்றிக் கேட்கிற மாதிரி கேட்டார்கள்.

அதன்பிறகு எந்தச் சோதனையானாலும் முதலில் கை தூக்கச் சொல்வது வழக்கமாகிவிட்டது. நிலாவுக்கும் ஒரு நோட்டு போட்டோம். மாதம் முழுக்க அது எத்தனை மணிக்கு, எங்கே தெரிகிறது என்று பிள்ளைகள் வரைவார்கள். ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் பிந்தி உதிக்கிறது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

2006 ஆகஸ்டில் புளூட்டோ கோள் பட்டியலிலிருந்து போனபோது பழைய மாணவி ஒருத்தி வழியில் நிறுத்தி, "அப்ப நீங்க ஒன்பதுன்னு சொன்னது தப்பா டீச்சர்?" என்று கேட்டாள். பிராகாவில் வானியலாளர்கள் கூடி ஓட்டுப் போட்டது கோள் என்ற சொல்லின் வரையறைக்குத்தான், புளூட்டோ இருந்த இடத்தில் இருந்தபடியேதான் இருக்கிறது என்று சொன்னேன். வெகுநேரம் நின்றபடியே பேசிக்கொண்டிருந்தோம்.

2012 ஜூன் 6 காலை, சூரியனை வெள்ளி கடந்தது. பைனாகுலரின் ஒரு கண்ணை மூடி, மறு கண் வழியாக வெள்ளை அட்டையில் சூரியனை விழ வைத்தோம். அதன் வழியே யாரும் நேராகப் பார்த்துவிடக் கூடாது என்று கடைசிவரை என் கையைவிட்டு நான் அதை நகர்த்தவில்லை. அட்டையில் 10 சென்டிமீட்டர் வட்டம், அதற்குள் 3 மில்லிமீட்டரில் ஒரு கரும்புள்ளி. கிட்டத்தட்ட பூமி அளவே உள்ள ஒரு கோள்! அடுத்த முறை 2117-இல்தான் என்றேன். ஒரு பையன் விரல்விட்டு எண்ணி, "அப்ப எனக்கு 118 வயசு டீச்சர்" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அட்டையைச் சுற்றி இன்னும் நெருக்கி நின்றார்கள்.

அலமாரிச் சாவியைப் புதிதாக வந்த டீச்சரிடம் ஒப்படைத்தபோது நிலா நோட்டுகளையும் கொடுத்தேன். பந்து, கல், இரும்புக் குண்டு மூன்றுக்கும் நூலை மாற்றி, முடிச்சிலிருந்து சரியாக ஒரு மீட்டர் வைத்துக் கட்டியிருந்தேன். "இது எதுக்கு மேடம்?" என்று கேட்டார். ஊசல் பாடத்துக்கு, முதலில் கை தூக்கச் சொல்லுங்கள் என்றேன். 41 விநாடி வரும் என்பதை மட்டும் சொல்லவில்லை.