வட எபிரஸ் என்று எழுதலாமா?

கலைக்களஞ்சியம் ஒன்றுக்கு உலக வரலாற்றுக் குறிப்புகளை மொழிபெயர்த்துச் செப்பனிடும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தேன். பெரிய போர்கள் எல்லாம் சுலபமாக முடிந்துவிடும். ஒரு வாரம் என்னைப் படுத்தியது அரைப் பக்கக் குறிப்பு ஒன்றுதான்: அல்பேனியாவின் தெற்கே வாழும் கிரேக்கச் சிறுபான்மையினர் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக ஆயுதம் எடுத்த கதை.

முதல் வரியிலேயே தடுக்கிவிட்டது. கிரேக்கர்கள் அந்தப் பகுதியை 'வட எபிரஸ்' என்பார்கள். அல்பேனியருக்கு அது வெறும் தெற்கு. வட எபிரஸ் என்று சொன்னாலே கிரேக்கர்கள் நிலத்துக்கு அடிபோடுகிறார்கள் என்று அவர்களுக்கு அர்த்தம். ஊர்ப்பெயரும் அப்படித்தான். ஒரே ஊரை ஜிரோகாஸ்டர் என்றால் அல்பேனியர் பக்கம், அர்யிரோகாஸ்ட்ரோ என்றால் கிரேக்கர் பக்கம். மெய்ப்புப் பார்க்கும் அண்ணன் இரண்டையும் சிவப்பு மையில் வட்டமிட்டு, "ரெண்டு ஊரா, ஒரே ஊரா?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

அப்புறம் 'மாவி'. வட எபிரஸ் விடுதலை முன்னணியின் கிரேக்கப் பெயர்ச் சுருக்கம். "கம்யூனிஸ்ட் ஆட்சியை எதிர்த்த போராளிகள்" என்று முதலில் எழுதிவிட்டேன். ஆண்டுகளை அடுக்கிப் பார்த்தபோது இடித்தது. அவர்களின் சண்டை பெரும்பாலும் 1942 முதல் 1944 வரை, இத்தாலிய, ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் நடந்தது. கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு மோதியதும் அப்போதுதான். தலைவர் வசிலியோஸ் சாஹினிஸ் 1943 நவம்பரிலேயே கொல்லப்பட்டார். கம்யூனிஸ்ட் தலைவர் என்வர் ஹோஜா ஆட்சியில் அமர்ந்தது 1944 இறுதியில். 'ஆட்சியை' என்பதை அடித்து 'கம்யூனிஸ்டுகளை' என்று போட்டேன். அதே ஊர்களின் கிரேக்க இளைஞர்கள் பலர் கம்யூனிஸ்ட் படையிலும் சேர்ந்திருந்ததால், "கிரேக்கர் அனைவரும்" என்ற தொடரும் போயிற்று.

துப்பாக்கி ஓய்ந்த பிறகு நடந்தவைதான் என்னை அதிகம் உலுக்கின. கிரேக்கச் சிறுபான்மைப் பகுதி என்று கம்யூனிஸ்ட் அரசு ஒப்புக்கொண்டது 99 கிராமங்களை மட்டும். கடலோர ஹிமாரா அதில் இல்லை. அந்தக் கிராமங்களை விட்டு வேறு நகரத்துக்குப் போனால் அரசுத் தாள்களில் நீங்கள் கிரேக்கர் இல்லை. 1967-இல் மதமே தடை செய்யப்பட்டது. அரசின் கொள்கைக்குப் பொருந்தாத பெயர்களை மாற்றச் சொல்லி 1975-இல் ஆணை வந்தது. தலைமுறை தலைமுறையாகப் புனிதர் பெயர் வைக்கும் வீடுகளில் அது எப்படி இறங்கியிருக்கும்! இதற்கெல்லாம் ஆசிரியர் ஒதுக்கிய இடம் 40 சொல்.

1994-இல் மாவி என்ற பெயர் திரும்ப வந்தது. பெஷ்கெப்பி ராணுவ முகாமில் இரண்டு அல்பேனிய வீரர்கள் கொல்லப்பட்டார்கள். அந்தப் பெயரில் பொறுப்பேற்பு. அதற்குள் கம்யூனிஸ்ட் ஆட்சியே போய்விட்டிருந்தது. அதைத் தனி வரியாக வைத்தேன். 'போராளிகள்' என்ற சொல்லை அங்கே வைக்கக் கை வரவில்லை; 'தாக்குதல்' என்று மட்டும் எழுதினேன்.

தெற்கு அல்பேனியா, அடைப்புக்குறிக்குள் கிரேக்கர் வழக்கில் வட எபிரஸ் என்று ஒருவழியாக முடிவானது. கடைசி மெய்ப்பில் அண்ணன் 99-ஐ வட்டமிட்டு, "நூறுதானே?" என்று கேட்டிருந்தார். "இல்லை, 99" என்று எழுதித் திருப்பி அனுப்பினேன்.