பதிவேட்டில் இல்லாத கட்டம்

பி.பி. பார்க்கும் பட்டையை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைப்பேன். துணியில் சாம்பல் நிறத்தில், மாவு மாதிரி தூசி படியும். கிருஷ்ணகிரிக்கும் சூளகிரிக்கும் நடுவே, நெடுஞ்சாலைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது எங்கள் ஆரம்ப சுகாதார நிலையம். பின்பக்கம் போனால் ஜல்லி கிரஷர்கள். டிப்பர் போகும் வழியில் இருக்கும் மாமரங்களின் இலை, மழை பெய்தால்தான் பச்சையாகத் தெரியும். அந்தத் தூசிதான் வேலைக்குப் போய் வருகிறவர்களின் சட்டைக் கையில் ஏறி, என் பட்டைக்கும் வருகிறது. தொற்றாநோய்ப் பிரிவில் செவிலியராக இருந்த இத்தனை வருடத்தில் அதைத் துடைத்தேனே தவிர, பட்டைக்குள் இருந்த கையின் பிரஷரோடு சேர்த்து யோசித்ததில்லை.

என்னை யோசிக்க வைத்தவர் சர்வீஸ் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன். ஐம்பதைத் தாண்டியவர். குடி, பீடி எதுவும் கிடையாது. மாதாமாதம் வருவார், மேல் அளவு 150-க்குக் கீழே இறங்காது. “மாத்திரையை ஒழுங்கா போடுறீங்களாண்ணா?” என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன். அடுத்த மாதம் வந்தவர் எதுவும் பேசாமல் காலி மாத்திரை அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டு மேசையில் வைத்தார். ஒரு குழிகூட பாக்கியில்லை. “நீங்க சொன்ன மாதிரி தினமும் நடக்குறேன் சிஸ்டர். விடிஞ்சதும் சர்வீஸ் ரோட்டுலயே அரை மணி நேரம்.”

சென்னைக்கும் பெங்களூருக்கும் சேலத்துக்கும் போகும் லாரிகள் கூடிப் பிரியும் ஊர் கிருஷ்ணகிரி. அந்த டீசல் புகையில் வேக வேகமாக மூச்சு வாங்கி நடக்கச் சொல்லியிருக்கிறேன் நான். அன்றைக்கு அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அப்புறம்தான் எங்கள் மருத்துவ அலுவலரிடம் கேட்டுக் கேட்டுப் படிக்க ஆரம்பித்தேன். கண்ணுக்குத் தெரியும் கிரஷர் தூசியில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா அதில் உண்டு, அது தனிக் கவலை. பிரஷர் விஷயத்தில் அதிகம் பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாததற்குத்தான். 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள், தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. டீசல் புகையிலும் விறகுப் புகையிலும் நிறைய உண்டு. இவை நுரையீரலின் கடைசி காற்றறை வரை போகின்றன. அங்கே அழற்சி உண்டாகிறது. நரம்பு மண்டலம் உஷாராகி ரத்தக் குழாய்களை இறுக்குகிறது. குழாய் தளர்வதற்காக அதன் உள்சுவர் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடும் குறைகிறது. சில மணி நேரத்திலேயே பிரஷர் ஏறலாம். வருடக்கணக்கில் இதே காற்று என்றால் ஏறியது அப்படியே தங்கிவிடவும் வாய்ப்புண்டு.

பிரஷரைப் பாதரச மில்லிமீட்டரில் அளக்கிறோம்; ஏறுவது பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான். ஒரு ஆளை வைத்துப் பார்த்தால் ‘இவ்வளவுதானே’ என்று தோன்றும். ஆனால் அதிக ஆபத்தில் இருக்கும் சிலரைவிட, கொஞ்சம் ஆபத்தில் இருக்கும் பலரிடமிருந்துதான் நோயாளிகள் கூடுதலாக வரக்கூடும் என்று 1985-லேயே எழுதினார் ஜெஃப்ரி ரோஸ் என்ற பிரிட்டன் மருத்துவர். ஊர் மொத்தமும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஏறி நின்றால் பக்கவாதமும் மாரடைப்பும் எத்தனை வீட்டுக் கதவைத் தட்டும்! உப்பைக் குறை என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்கிறோம். காற்றைத் தனியாளாக யார் குறைக்க முடியும்?

நம் நாட்டில் 2009-இல் வகுத்த அளவின்படி, இந்த நுண்துகள் ஒரு கனமீட்டர் காற்றில் ஆண்டு சராசரியாக 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தன் வழிகாட்டு அளவை 10-லிருந்து 5-ஆகக் குறைத்தது. எட்டு மடங்கு வித்தியாசம். 40-க்குக் கீழே இருந்தால் ‘காற்று தரமாக இருக்கிறது’ என்று எழுதிவிடலாம், சரி. அந்தக் காற்றை உள்ளே இழுக்கும் உடம்பு அப்படி ஒரு கோட்டைப் பார்த்து நிற்பதில்லை. அதோடு, சராசரி என்பது ஓரிடத்தில் வைத்த கருவி சொல்வது. பஞ்சர் கடை வாசலிலும் அடுப்படியிலும் யாரும் கருவி வைப்பதில்லை.

அடுப்படி என்றதும் ஒரு பாட்டி ஞாபகம் வருகிறார். வீட்டுக்கே போய் பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம், 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கியது எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அந்தத் திட்டத்தின் தன்னார்வலர் பெண்ணோடு ஒருநாள் வீடு வீடாகப் போனேன். பாட்டி களி கிண்டிக்கொண்டிருந்தார். தகரக் கூரையின் உள்பக்கம் தார் பூசியதுபோல் கருத்திருந்தது. ஊதுகுழலை எடுத்து ஊதுவார், இருமுவார், மறுபடி துடுப்பைப் பிடிப்பார். கேஸ் இருக்கிறது, டீக்கு மட்டும்தான். “களிக்கு நேரமாவும் கண்ணு, சிலிண்டர் தாங்காது.” அங்கேயே பார்த்தபோது 168/96. வெளியே புளியமரத்தடியில் சாய்ந்து உட்காரவைத்து, பேச்சுக் கொடுக்காமல் இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால் 152/90. ஓய்வெடுத்தாலே பிரஷர் இறங்கும் என்பது எனக்குத் தெரியும், முழுப் பழியையும் புகைமேல் போடமாட்டேன். ஆனால் அந்தக் கூரையைப் பார்த்தபிறகு உப்பைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை. மகனிடம் சொல்லி அடுப்புக்கு மேலே ஒரு தகரத்தை எடுத்துப் புகை போக வழிவிடச் சொன்னோம். பேரக்குழந்தையை அடுப்புப் பக்கம் உட்காரவைக்க வேண்டாம் என்றோம்.

எங்கள் பதிவேட்டில் வயது, எடை, புகையிலை, மது, குடும்பத்தில் யாருக்காவது பிரஷர் உண்டா என்பதற்கெல்லாம் கட்டம் இருக்கிறது. காற்றுக்குக் கட்டமில்லை. இப்போது ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்கிறேன்: விறகு, ரோட்டுக் கடை, கிரஷர், லாரி. மாதக் கூட்டத்தில் இரண்டு முறை சொன்னேன், டிப்பருக்குத் தார்ப்பாய் போடுவது, பாதையில் தண்ணீர் தெளிப்பது பற்றியும் சேர்த்து. கேட்டுக்கொண்டார்கள். இன்னும் சொல்வேன்.

பஞ்சர் கடை அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது ஏரிக்கரையில் நடக்கிறார். டாக்டர் மாத்திரையும் ஒன்று கூட்டினார். போன மாதம் 138/86. எதனால் இறங்கியது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. கடை அதே இடத்தில்தான் இருக்கிறது, காலையிலிருந்து ராத்திரி வரை அவரும் அங்கேதான்.