கலர் ஏற்றுவதும் வெளிச்சம் வைப்பதும்

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்து ஸ்டுடியோக்காரர்களுக்குப் பெரிய வேலை இருக்காது. முகூர்த்தம் கிடையாது. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, பள்ளிக்கூட ஐடி கார்டு, நடுவில் ஏதாவது கோயில் திருவிழா வீடியோ, அவ்வளவுதான். சித்திரை, வைகாசியில் எடுத்த ஆல்பங்களை முடித்துக் கொடுத்துவிட்டு, பாக்கிப் பணத்துக்காகப் போன் போட்டுக்கொண்டிருக்கும் மாதம் அது. அந்த நேரத்தில் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் போட்டோ, வீடியோ தொழிலுக்கான கண்காட்சி நடந்ததால்தான் எங்களால் போக முடிந்தது.

நாங்கள் நாலு பேர், எல்லாரும் விருதுநகர் பக்கம். ஒருவர் வீடியோக்காரர், வயதில் மூத்தவர், எல்லாருக்குமே அவர் அண்ணன். ஒரு தம்பி ஆல்பம் டிசைனர். ஊரில் பாதி ஸ்டுடியோக்களின் ஆல்பம் அவன் கம்ப்யூட்டர் வழியாகத்தான் பிரிண்ட் போடும் லேப்புக்குப் போகிறது. இன்னொருவர் எனக்கு நேர் போட்டி, அடுத்த தெருவில் ஸ்டுடியோ வைத்திருப்பவர். ஒரே கல்யாணத்துக்கு இரண்டு பேரும் ரேட் கொடுப்போம். ஆனால் முகூர்த்தத்தன்று விடிகாலையில் ஒருவருக்கு பிளாஷ் வேலை செய்யவில்லை என்றால், மற்றவர் எழுந்துவந்து கடையைத் திறந்து தன்னுடையதை எடுத்துக் கொடுப்பார். எங்கள் ஊரில் இந்தத் தொழில் இன்னும் நடப்பதற்கு இந்தப் பழக்கம் ஒரு முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன்.

நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூர், அங்கிருந்து மின்சார ரயிலில் கிண்டி, அப்புறம் பஸ். வாசலில் விசிட்டிங் கார்டு காட்டிப் பதிவு செய்துகொண்டு உள்ளே போனோம்.

முதலில் கண்ணில் பட்டது கூட்டம்தான். தமிழ்நாட்டின் எல்லா ஊர் ஸ்டுடியோக்காரர்களும் ஒரே கூரைக்குக் கீழே. கல்யாண வீட்டில் போட்டோக்காரர் என்பவர் எல்லாருக்கும் முன்னால் நின்றாலும் யாருடைய ஆளும் இல்லை. பந்திக்குக் கடைசியில் உட்காருகிறவர். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் நம்மைப் போலவே தோளில் பட்டை பதிந்த ஆட்கள். "எந்த ஊர் சார்? மாசம் எத்தனை ஈவென்ட் வருது?" என்று ஸ்டாலில் நிற்பவர்கள் அக்கறையாகக் கேட்டபோது, அண்ணன் கொஞ்சம் நிமிர்ந்தே பதில் சொன்னார்.

கேமரா கம்பெனி ஸ்டால்களில் மேடை போட்டு, மணப்பெண் அலங்காரத்தில் மாடல்களை நிறுத்தியிருந்தார்கள். வரிசையில் நின்று, விலையைக் கேட்டால் தயங்கவைக்கும் லென்ஸைக் கையில் வாங்கி நாலு படம் எடுத்துப் பார்க்கலாம். மிரர்லெஸ் கேமரா கண்ணைத் தானாகவே கண்டுபிடித்து போகஸைப் பிடித்துக்கொள்கிறது. மாடல் திரும்பினாலும் விடுவதில்லை. பிலிம் ரோலில் 36 படத்துக்குள் கல்யாணத்தை அளந்து எடுத்துப் பழகிய அண்ணன், அதைத் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்தார். ட்ரோன், கிம்பல், கிரேன் பக்கமெல்லாம் இளவட்டங்கள் கூடியிருந்தார்கள். அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. அதெல்லாம் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

நான் அதிக நேரம் நின்றது ஆல்பம் ஸ்டால்களில். எங்கள் தொழிலில் கடைசியில் வாடிக்கையாளர் வீட்டு பீரோவுக்குள் போய்ச் சேருவது ஆல்பம்தான். வெல்வெட் போல வழுக்கும் தாள், கிழித்தாலும் கிழியாத தாள், நடுவில் மடிப்பே தெரியாமல் இரண்டு பக்கமும் தட்டையாக விரியும் பைண்டிங் என்று வகைவகையாக வைத்திருந்தார்கள். 12க்கு 36 அங்குல ஷீட்டை விரித்துக் காட்டினார்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்குப் போட்டால் 3600க்கு 10800 பிக்சல். அந்த அளவில் ஒரு முகத்தைப் பார்க்கும்போது போனில் மறைந்துபோகிற எல்லாமே தெரிகிறது. டிசைனர் தம்பி ஒரு ஷீட்டின் மேல் குனிந்தபடி என்னைக் கூப்பிட்டான். சாம்பிளாக வைத்திருந்த மணப்பெண் படம். முகம் பால் வெள்ளை. முகத்துக்குப் பக்கத்திலேயே, கன்னத்தைத் தொட்டபடி அவளுடைய கை, நல்ல மாநிறம். விரல் கன்னத்தைத் தொடும் இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. முகத்தை மட்டும் தனியாக வெட்டி வெளுக்க வைத்த கோடு அது. "அண்ணே, இது தினமும் நான் செய்யிற வேலை" என்றான். அவன் குரலில் சந்தோஷம் இல்லை.

மத்தியானம் ஒரு ஓரமான அறையில் லைட்டிங் பற்றி வகுப்பு இருந்தது. எடுத்தவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், அவரும் கல்யாணப் படம் எடுப்பவர்தான். இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்தது முழுக்க அந்த அறையில்தான் கிடைத்தது.

மணப்பெண் அலங்காரத்தில் நல்ல கருநிறமுள்ள பெண் ஒருவர், அரக்குப் பட்டு, மூக்குத்தி. பக்கத்தில் பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டையில் ஒரு பையன். பின்னால் வெளிச்சமான எல்இடி திரை. நம் மண்டபம் அப்படியே. கேமராவை ஆட்டோ மோடில் வைத்து ஒரு படம் எடுத்துத் திரையில் காட்டினார். இரண்டு முகமும் இருண்டு கிடந்தன. "இதைப் பார்த்துட்டு ஆளு கருப்புன்னு சொல்லிருவோம். கருப்பாக்கினது யாரு?" என்று கேட்டார்.

அப்புறம் விளக்கினார். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு வேட்டியும் தெரியாது, முகமும் தெரியாது. எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரத்தான் அது முயலும். 18 சதவீதச் சாம்பல் என்று நாங்கள் எல்லாரும் கேள்விப்பட்டிருக்கிற கணக்கு. பிரேம் முழுக்க வெள்ளை வேட்டியும் பளபளக்கும் திரையும் நிறைந்திருந்தால், மீட்டர் வெளிச்சம் அதிகம் என்று முடிவு கட்டி எல்லாவற்றையும் சேர்த்துக் குறைத்துவிடும். முகம் இன்னும் கீழே போகும். அந்த இருட்டைத்தான் நாம் கம்ப்யூட்டரில் ஸ்லைடர் வைத்து மேலே ஏற்றுகிறோம். ஏற்றும்போது நிறமும் போய்விடுகிறது, முகத்தின் வடிவமும் போய்விடுகிறது.

ஒரு சின்ன இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரைப் பெண்ணின் கன்னத்தில் வைத்து அளந்தார். எதிரே கேமராவுக்கு மேலே இருந்த லைட்டை அணைத்தார். வெளிச்சத்தை மென்மையாகப் பரப்பும் பெரிய சாப்ட்பாக்ஸ் ஒன்றைப் பக்கவாட்டில், அந்தப் பெண்ணுக்குக் கையெட்டும் தூரத்தில் கொண்டுவரச் சொன்னார். மறுபக்கம், வெளிச்சத்தைத் திருப்பி முகத்துக்கு அனுப்ப ஒரு வெள்ளைத் தெர்மாகோல். கருத்த தோலில் முகத்தின் வடிவத்தைக் காட்டுவது அதன் மேல் விழும் பளபளப்புதான் என்றார். சின்ன லைட்டை நேர் எதிரே வைத்தால் அந்தப் பளபளப்பு நெற்றியிலும் மூக்கு நுனியிலும் புள்ளியாக விழும், எண்ணெய் வழிகிற மாதிரி இருக்கும். அதை மறைக்கத்தான் பவுடருக்கு மேல் பவுடர். பெரிய லைட் பக்கத்திலிருந்து வந்தால் அதே பளபளப்பு கன்ன எலும்பு, தாடை, கழுத்து என்று அகலமாக வழுக்கிக்கொண்டு இறங்கும்.

அடுத்த படம் திரையில் வந்தது. அந்தப் பெண் கருப்பாகவேதான் இருந்தார். ஒரு துளி நிறம்கூட மாறவில்லை. ஆனால் தாடையின் ஓரத்தில் மெல்லிய வெளிச்சக் கோடு, அரக்குச் சேலையின் சிவப்பு முகத்தில் லேசாக ஏறியிருந்தது, மூக்குத்தி தனியாக மின்னியது. அங்கேயே சின்ன பிரிண்டரில் போட்டு பிரிண்டைக் கைமாற்றி அனுப்பினார்கள். அந்தப் பெண்ணிடமும் போனது. அவர் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை, வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

பிலிம் காலத்து விஷயம் ஒன்றையும் அவர் சொன்னார். கலர் லேப்புகளில் பிரிண்டின் நிறம் சரியாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க, கோடாக் கம்பெனி 1950களிலிருந்து ஒரு மாதிரிப் படம் அனுப்பியது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் அதற்கு உட்கார்ந்த ஊழியரின் பெயரை வைத்து ஷெர்லி கார்டு என்றே அதற்குப் பெயர். அந்தத் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. பழுப்பு நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து போவதைப் பற்றி கம்பெனியை அசையவைத்த புகார், சாக்லேட்டையும் மரச்சாமானையும் விளம்பரத்துக்குப் படம் எடுத்தவர்களிடமிருந்து வந்ததாம். பல நிறத்துப் பெண்கள் சேர்ந்து இருக்கும் கார்டு 1990களின் நடுவில்தான் வந்தது. அண்ணன் என் பக்கம் திரும்பி, "அப்போ நம்ம எடுத்த கல்யாணம் எல்லாம்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். ஊருக்கு ஊர் அண்ணன்மார்கள் இராத்திரி முழுக்க சன் கன் லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற காலம் அது. வேறு நாட்டு முகத்துக்காகச் செய்த அளவுகோலை வைத்துக்கொண்டு நம் முகங்களை எடுக்கப் பாடுபட்டிருக்கிறார்கள்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது வாக்குவாதம் வந்துவிட்டது. "கஸ்டமர் கேக்குறதைக் குடுக்கத்தானே தம்பி காசு வாங்குறோம்? மாப்பிள்ளையோட அம்மா கலரா வேணும்னு சொன்னா நான் என்ன வகுப்பா எடுக்க முடியும்?" என்றார் அண்ணன். நியாயமான கேள்வி. ஆல்பத்தை வாங்க மறுத்தால் நஷ்டம் எங்களுக்குத்தான். டிசைனர் தம்பி தயிர்சாதத்தைக் கிளறிக்கொண்டே சொன்னான்: "முகத்துல ஏத்துனா கை மாட்டிக்குது அண்ணே. கையையும் ஏத்துனா மருதாணி போயிருது. மருதாணி எங்கேன்னு அடுத்த போன் வரும். சேலை ஆரஞ்சா வருது, நகை வெள்ளியா வருது. ஒரு ஆல்பத்துக்கு பாதி நேரம் இதுலயே போகுது."

நான் நினைத்துக்கொண்டிருந்தது கல்யாண ஆல்பத்தைப் பற்றிக்கூட இல்லை, அதற்கு முன்னால் எடுக்கிற படத்தைப் பற்றி. ஜாதகத்தோடு கொடுத்தனுப்ப பெண்ணை ஸ்டுடியோவுக்குக் கூட்டிவருவார்கள். சேலையைச் சரிசெய்து உட்கார வைத்ததும், அம்மாவோ சித்தியோ என்னிடம், "தம்பி, கொஞ்சம் கலரா வர்ற மாதிரி எடுத்துக் குடுங்க" என்பார்கள். அந்தப் பெண் காதில் விழும்படியே சொல்வார்கள். பெற்றவர்கள் கவலையில் சொல்வது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அதைக் கேட்டபின் அந்த முகத்தில் சிரிப்பை வரவைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவனுக்குத்தான் தெரியும். படத்தை வெளுத்துக் கொடுத்தால், அவர்கள் சொன்னதற்கு நானும் கையெழுத்துப் போட்டதாக ஆகிறது. அந்தப் பெண்ணின் முகத்தை உள்ளபடியே அழகாக எடுக்க ஒரு வழி இருக்கிறது, அது வெளிச்சத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு ஊர் திரும்புவது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

கிளம்புவதற்கு முன் நாலு பேரும் சேர்ந்து பணம் போட்டு வாங்கியது ஒரு மானிட்டர் காலிபிரேட்டர். திரையின் மேல் தொங்கவிட்டால் நிறத்தையும் வெளிச்சத்தையும் அளந்து சரிசெய்யும் சின்னக் கருவி. எங்கள் ஊரில் பெரும்பாலான கம்ப்யூட்டர் திரைகள் அளவுக்கு மீறிப் பளிச்சென்று இருக்கும். அதில் சரியாகத் தெரிகிற படம் பிரிண்டில் இருண்டு வரும். லேப்பைத் திட்டுவோம், அடுத்த முறை இன்னும் ஏற்றி அனுப்புவோம். இப்போது நாலு கடைத் திரையும் ஒரே அளவில் இருக்கிறது. டிசைனர் தம்பி திரையில் என்ன பார்க்கிறானோ, கிட்டத்தட்ட அதுவே தாளில் வருகிறது.

ஆவணி முதல் முகூர்த்தத்திலேயே பக்கவாட்டு லைட்டை முயன்று பார்த்தோம். மேடையில் இடம் பிடிப்பதுதான் கஷ்டம். நாதஸ்வரக்காரர்கள் ஒரு பக்கம், உறவுக்காரர்கள் ஒரு பக்கம், நடுவில் ஹோமப் புகை. மணவறைத் தூணை ஒட்டி ஸ்டாண்டை நிறுத்தினோம். தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் பின்னால் இருக்கும் எல்இடி திரையைக் குறைக்கச் சொல்லி ஆபரேட்டரிடம் கேட்டோம், அவரும் சரி என்றார். வீடியோவுக்கும் அதே லைட் போதும் என்று அண்ணனே சொன்னார். மேக்கப் போட வந்த பெண்ணிடம், முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரே ஷேடு போடுங்கள், மீதியை வெளிச்சம் பார்த்துக்கொள்ளும் என்று முதல்நாளே பேசிவைத்தோம்.

எல்லாரும் ஏற்றுக்கொள்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். புக்கிங் பேச வருகிறவர்களிடம் இப்போது இரண்டு பிரிண்ட் காட்டுகிறேன், ஒரே முகம், வெளுத்தது ஒன்று, வெளிச்சம் வைத்து எடுத்தது ஒன்று. வெளுத்ததைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கல்யாணப் பெண் கூட வந்திருந்தால் பெரும்பாலும் மற்றதைத்தான் எடுக்கிறாள். அதனால் பேசவரும்போது பெண்ணையும் கூட்டி வாருங்கள் என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறேன்.

அடுத்த ஆடிக்கு வேனாகப் பிடித்துப் போகலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். எங்களிடம் லைட் பிடிக்கும் பையன்களையும் கூட்டிப்போக வேண்டும். தாலி கட்டும் நெரிசலில் நான் வியூபைண்டரை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. வெளிச்சம் எந்தக் கன்னத்தில் விழவேண்டும் என்பதை அந்த நேரத்தில் முடிவு செய்கிறவன் லைட் பிடிக்கும் பையன்தான். அந்த வகுப்பில் முதல் வரிசையில் உட்கார வேண்டியவனும் அவன்தான்.