பூக்கடை சித்திக்கு யுபிஐ போட்டுக் குடுத்த அனுபவம்

உசிலம்பட்டில பூ விக்கிற எங்க சித்திக்கு போன வருசம் ஸ்மார்ட்போன் வாங்கி யுபிஐ போட்டுக் குடுத்தேன். வீட்டுல அம்மா அத்தைக்கு இதைச் செஞ்சு குடுக்க நெனைக்கிறவங்களுக்கு உதவும்னுதான் எழுதுறேன்.

சித்திக்கு ஜன் தன் கேம்ப்ல போட்ட ஜீரோ பேலன்ஸ் அக்கவுண்ட் இருக்கு, 2023 செப்டம்பர்ல இருந்து மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபா அதுலதான் விழுது. ஆனா எடுக்கணும்னா ஊருக்குள்ள கைரேகை மெஷின் வச்சிருக்கவர்கிட்ட போகணும். வருசக்கணக்கா ஈர நார்ல பூக்கட்டுன விரல்ல ரேகை எங்க இருக்கும், ஒவ்வொரு விரலா மாத்தி மாத்தி வச்சுப் பாத்துட்டு "நாளைக்கு வாங்கக்கா"ன்னு அனுப்பிருவாரு. இந்தப் பக்கம் பூ வாங்க வர்ற பிள்ளைங்க "ஸ்கேன் இருக்கா"ன்னு கேக்கும், இல்லன்னா பக்கத்துக் கடைக்குப் போயிரும். கடைசில சித்தியே போன் வேணும்னு கேட்டுச்சு.

போன் வாங்குனது ஒரு சாயங்கால வேலை. மல்லுக்கட்டுனது பூரா போன் நம்பரோடதான். பேங்க்ல குடுத்திருந்தது தம்பி எப்பவோ தூக்கிப்போட்ட சிம்மு, ஆதார்ல இன்னொரு நம்பர், ஏடிஎம் கார்டு வாங்கவே இல்ல. கார்டு இல்லாட்டியும் ஆதார் ஓடிபி வச்சே யுபிஐ பின் (காசு அனுப்பக் கேக்குற ரகசிய நம்பர்) போட்டுக்கலாம், ஆனா பேங்க்லயும் ஆதார்லயும் ஒரே நம்பர் இருக்கணும், அந்த சிம் அந்தப் போன்லயே கெடக்கணும். அதனால மொதல்ல ஆதார் சென்டர். நம்பர் மாத்த டாக்குமெண்ட் எதுவும் கேக்கல, அங்கயும் விரல் எடுக்கல, கண்ணை வச்சு எடுத்தாங்க. அப்புறம் பாஸ்புக்கும் ஆதார் ஜெராக்ஸும் எடுத்துட்டு பேங்க். கவுண்டர்ல அலைய விட்டாங்க, அது பெரிய கொடுமைங்க, ஒரு நாள் கடை போடலன்னா அன்னைக்கு வாங்குன பூ மொத்தமும் வாடிப் போயிரும்.

நம்பர் ஏறுனதுக்கு அப்புறம் வேலை சுலபம். ஆப் அந்த சிம்ல இருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும், ரீசார்ஜ் முடிஞ்சிருந்தா போகாது, அதைப் பாத்துக்கங்க. ஆதாரோட மொத 6 நம்பர், ஓடிபி, அப்புறம் பின். பின்னை சித்தியே யோசிச்சுப் போட்டுச்சு, நான் திரும்பி நின்னுக்கிட்டேன். தயவுசெஞ்சு நீங்களும் அப்படியே செய்ங்க, அவங்க காசு அவங்க கையில இருக்கணும்.

சொல்லிக் குடுத்ததுல முக்கியமானது இதுதான்: காசு வர்றதுக்கு பின் தேவையே இல்ல. யாராச்சும் "காசு அனுப்புறேன், பின் போடுங்க"ன்னா அவன் திருடன். நாம காசு அனுப்பத்தான் பின், அது போக பேலன்ஸ் பாக்கவும் பின் கேக்கும், அதைப் பாத்து சித்தி மொதல்ல பயந்துருச்சு, பக்கத்துல உக்காந்து நாலஞ்சு தடவ செஞ்சு காட்டுனதும் தெளிஞ்சுருச்சு. போன் பின்னாடி 1930னு எழுதி ஒட்டிருக்கேன், சைபர் மோசடிக்கு கூப்பிடுற நம்பர்.

இப்போ பாதி யாவாரம் ஸ்கேன்லதான் நடக்குது. பூ எடுக்கப் போற எடத்துல மட்டும் இன்னும் கைக்காசுதான் கேக்குறாங்க, அதனால ஏடிஎம் கார்டுக்கும் எழுதிக் குடுத்திருக்கோம்.