காஸ் அடிக்கத் தெரியும், கணக்குத் தெரியாது

நேற்று யாழ்ப்பாணத்து இணுவிலில் ஒரு வீட்டில், என்னோடு வேலை பழகும் பெடியன் வந்ததும் வராததுமாக ஏசியின் மூடியைக் கழற்றப் போனான். கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை வாங்கி என் சட்டைப் பையில் வைத்துவிட்டு, கொப்பியையும் பேனையையும் கொடுத்தேன். "முதல் எஸ்டிமேட் எழுது. பிறகு கழற்றலாம்."

முகம் சுருங்கிப் போச்சு. பயிற்சி நிலையத்தில் படிப்பை முடித்து, கடைசி ஆறு மாத வேலைத்தளப் பயிற்சிக்காக என்னிடம் வந்திருக்கிறான். கை சுத்தமான கை. செப்புக் குழாய் ஒட்டினால் வெள்ளி கோடு போட்ட மாதிரி ஓடும். அவனைப் பார்க்க எனக்கு என்னையே பார்ப்பது போல இருக்கும், அதுதான் பயம்.

நானும் அப்படித்தான் வெளியே வந்தேன். குளிரூட்டி, ஏசி திருத்தலில் என்விகியூ என்ற தேசிய தொழில் தகைமையின் நான்காம் நிலை. சான்றிதழைப் பார்த்த அம்மா, "இதைக் காட்டி எங்கையாவது கோர்ணமேந்து வேலை எடுக்கேலாதோ?" என்றுதான் முதலில் கேட்டார். கோழி மேய்த்தாலும் கோர்ணமேந்திலை மேய்க்க வேணும் என்று சொல்லி வளர்ந்த ஊர் இது. அம்மாவைக் குறை சொல்ல முடியாது.

எங்கள் பயிற்சியோடு தொழில் முயற்சியாண்மை வகுப்பு ஒன்றும் இருந்தது. ஐந்து நாள், ஒரு மண்டபத்தில், புரொஜெக்டரோடு. மத்தியானம் நல்ல சோற்றுப் பார்சல். குழுக்களாகப் பிரித்து வியாபாரத் திட்டம் எழுதச் சொன்னார்கள். மாதிரியாகக் காட்டிய திட்டம் காளான் வளர்ப்பு என்பதால் எங்கள் குழுவும் காளான் வளர்ப்பையே எழுதியது. ஏசிக்காரன் மூன்று பேர், தையல் பிள்ளைகள் இரண்டு பேர், வெல்டிங் பெடியன் ஒருத்தன், ஆறு பேருமாகச் சேர்ந்து காளானுக்கு பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் எல்லாம் எழுதி, வண்ணத் தாளில் ஒட்டிக் கைதட்டலும் வாங்கினோம். இன்றுவரை அந்த ஆறு பேரில் ஒருவரும் ஒரு காளான்கூட வளர்க்கவில்லை.

அந்த வகுப்பு வீண் என்று சொல்ல வரவில்லை. வந்த ஐயா நல்லவர், விஷயம் தெரிந்தவர். ஆனால் வேலை பழகியது ஒரு கட்டடத்தில், காசு பழகியது இன்னொரு கட்டடத்தில். இரண்டுக்கும் நடுவில் ஒரு மதில். நாங்கள் மதிலுக்கு இந்தப் பக்கம் காஸ் அடித்தோம், அந்தப் பக்கம் காளான் வளர்த்தோம்.

2021 கடைசியில் தனியாகத் தொடங்கினேன். முதல் வேலை உடுவிலில் ஒரு பிரிட்ஜ். குளிர் பிடிக்கவில்லை. உள்ளே ஓடிக் குளிராக்கும் காஸ் போயிருந்தது. சிறிய காஸ் ரின், பில்டர், ஒட்டும் கம்பி எல்லாம் கடையில் 2,400 ரூபா. 4,500 கேட்டேன், தந்தார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஆயிரம் ரூபா கொடுத்தபோது எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். பத்தாம் நாள் போன் வந்தது: "தம்பி, திரும்பவும் தண்ணியாப் போச்சு." கசிவை நான் ஒழுங்காகத் தேடியிருக்கவில்லை. திரும்பவும் காஸ், திரும்பவும் பில்டர், இன்னொரு 2,400. இந்த முறை காசு கேட்க முடியுமா? ஆக 4,500 வாங்கி 4,800 செலவழித்திருக்கிறேன். மூன்று தடவை உடுவிலுக்குப் போய் வந்த பெற்றோலும் என் உழைப்பும் அந்த வீட்டுக்கு நான் செய்த அன்பளிப்பு.

இதை அன்றைக்கே கணக்குப் பார்த்தேன் என்று நினைக்காதீர்கள். நாலைந்து மாதம் கழித்து, கை எப்போதும் வெறுமையாக இருக்கிறதே என்று யோசித்து ஒவ்வொன்றாக எழுதியபோதுதான் தெரிந்தது.

காஸ் போன குழாயில் காற்றும் ஈரமும் புகுந்துவிடும். வக்கியூம் பம்ப் போட்டு அதை முழுக்க இழுத்தெடுத்த பிறகுதான் காஸ் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஈரம் மெல்லிய குழாயின் வாயில் பனியாகி அடைத்துவிடும். பம்ப் போட்டுப் பிடித்துவைத்தால் கசிவு இருக்கிறதா என்பதும் மீற்றரில் தெரிந்துவிடும். இது எனக்குப் பரீட்சைக்குத் தெரியும். ஆனால் என்னிடம் பம்ப் இல்லை. பயிற்சி முடிவில் ஒரு திட்டத்தில் தந்த ஆயுதப் பெட்டியில் குறடு இருந்தது, சாவிகள் இருந்தன, ரின்ச் மூன்று இருந்தது. பம்ப் இல்லை. விலை கூட என்று விட்டிருப்பார்கள்.

வங்கிக்குப் போனேன். இரண்டு அரச உத்தியோகத்தர் பிணை நிற்க வேண்டும் என்றார்கள். கோர்ணமேந்து வேலை வேண்டாம் என்று வந்தவனுக்குக் கோர்ணமேந்து ஆட்கள் இரண்டு பேர் வேண்டும்! கடைசியில் அம்மா சீட்டைக் கழித்து எடுத்தார். பம்ப் வந்தது. வருமுன் பல மாதம் சுன்னாகத்தில் ஒரு அண்ணையிடம் நாள் வாடகைக்கு எடுத்தேன். தொழிலை எனக்குச் சொல்லித் தந்தது அவர்தான் என்று சொல்ல வேண்டும். அவர் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர் இல்லை. முன் அனுபவத்தைச் சோதித்துத் தரும் முறையில் பிறகுதான் சான்றிதழ் எடுத்தார். அவரிடம் ஒரு தடித்த கொப்பி. எந்த வீடு, என்ன மெசின், என்ன காஸ், எந்தத் திகதி, எவ்வளவு வாங்கினேன், திரும்பக் கூப்பிட்டார்களா. அவ்வளவுதான். அதைப் பார்த்து அவரே வாடிக்கையாளருக்குப் போன் எடுப்பார்: "அக்கா, சேர்விஸ் செய்து வருசமாச்சு."

நான் பம்பை எடுத்துப் போகும்போதெல்லாம் ஒரே கேள்வி கேட்பார்: "எவ்வளவு சொன்னனி?" சொன்னால், விரல் மடித்துக் கணக்குப் பார்த்துவிட்டு, "நட்டத்துக்குத்தான் போறாய்" என்பார்.

பிறகு 2022. பெற்றோல் 470 ரூபா வரை போனது. பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் முறை வந்ததும் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர். காலையில் கேட்ட காஸ் விலை பின்னேரம் கூடியிருக்கும். அந்த நாலு லீற்றர்தான் என்னைக் கணக்குக்காரன் ஆக்கியது. கோப்பாய்க்கு ஒரு நாள், மானிப்பாய்ப் பக்கம் ஒரு நாள் என்று ஊர்வாரியாக வேலையைச் சேர்த்து வைத்துப் போகப் பழகினேன். இன்றைக்கும் அப்படித்தான்.

தொழிலறிவு வேறு, வியாபார அறிவு வேறு என்று பிரிப்பதில் எனக்கு நம்பிக்கை போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு முறை ஆர் 22 காஸ் உருளைகள் சில மலிவாக வந்தன. வாங்கிப் போட்டால் லாபம் என்றான் கூட்டாளி. ஆர் 22 ஓசோன் படலத்தைக் கெடுக்கும் காஸ். 1987இல் மொன்றியலில் செய்த உடன்படிக்கையின்படி எங்களைப் போன்ற நாடுகள் 2030க்குள் அதை ஏறக்குறைய முழுதாக நிறுத்த வேண்டும். புதிதாக வரும் ஏசிகளில் ஆர் 410ஏ, ஆர் 32 என்று வேறு காஸ்கள். ஆர் 22 மெசின்கள் ஒவ்வொன்றாக விடைபெறுகின்றன. வாங்கவில்லை. அந்த முடிவை எடுக்க உதவியது வியாபாரப் பாடமா, காஸ் பாடமா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது என் வருமானத்தில் பாதிக்குக் கிட்ட நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வருகிறது. இருபத்தைந்து நாள் திருவிழா, கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சனம் வந்து இறங்கும், வருசம் முழுக்கப் பூட்டியிருந்த வீடுகளைத் திறந்து ஏசியைப் போடுவார்கள். வேலை செய்யாது. மூடியைக் கழற்றினால் சர்க்கியூட் போர்ட்டில் பல்லி ஒன்று கருகிக் காய்ந்து ஒட்டியிருக்கும். போர்ட் மாற்ற வேண்டும், கொழும்பிலிருந்து வரவேண்டும், அதற்குள் அவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். இதை இரண்டு வருசம் பார்த்த பிறகுதான் புத்தி வந்தது. வெளிநாட்டில் இருக்கிறவர்களோடு வருசத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டேன்: மூன்று மாதத்துக்கு ஒருக்கால் போய்த் திறந்து, துப்புரவாக்கி, ஓடவிட்டு, வட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புவேன். கடற்கரைப் பக்கத்து வீடுகளுக்கு விலை கூட, ஏனென்றால் உப்புக் காற்று வெளியே உள்ள பெட்டியின் தகடுகளைத் தின்றுவிடும். பல்லி எனக்கு இப்படிச் சோறு போடும் என்று அந்தக் காளான் வகுப்பில் ஒருத்தரும் சொல்லவில்லை.

சரி, இணுவிலுக்கு வருவோம்.

பெடியன் திண்ணையில் குந்தியிருந்து எழுதினான். கழுவும் மருந்து, காஸ் குறைந்திருந்தால் அதற்கு, பம்புக்குத் தேய்மானம், பெற்றோல், திரும்ப வரவேண்டி வந்தால் என்று கொஞ்சம். பரவாயில்லை, ஐந்து வரி. வாங்கிப் பார்த்தேன்.

"உன்ரை கூலி எங்கை?"

"நான் பழகிறன் தானே அண்ணை."

அவன் பேனையை வாங்கி ஆறாவது வரியாக 1,500 என்று எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்கார அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழாக வாசித்தார். எதிர்பார்த்ததுதான்.

"தம்பி, கொஞ்சம் குறைக்கேலாதோ?"

நான் வாய் திறக்கவில்லை. பெடியன் என்னைப் பார்த்தான், அன்ரியைப் பார்த்தான், கொப்பியைப் பார்த்தான். ஆறாவது வரிக்குப் போன விரல் அங்கே நின்று, பிறகு மெல்ல மேலே ஏறியது.

"மருந்திலை இருநூறு குறைக்கலாம் அன்ரி. மற்றதிலை ஏலாது."

ஸ்குரூ டிரைவரை எடுத்து அவனிடம் நீட்டினேன்.