டபுள் கெப்புக்கு 2.4 லீற்றர் எஞ்சின் போதுமா, 2.8 வேணுமா?

புது டபுள் கெப் (இரண்டு வரிசை சீட் உள்ள பிக்கப்) எடுக்கப் போகிறேன் என்றதும் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். என் தேவை இதுதான்: தினமும் தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்கு வேலைக்குப் போய் வர வேண்டும், லீவு நாளில் கரட், லீக்ஸ் ஏற்றிய ட்ரெயிலரை இழுக்க வேண்டும்.

காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் பேச்சுக்கே இடமில்லை. நுவரெலியா சுமார் 1,868 மீட்டர் உயரம், காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். டர்போ டீசல் அதைப் பெருமளவு ஈடுகட்டிவிடும்.

சரி, டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பில் எது? 2.4 என்றால் 150 குதிரைத்திறன், 2.8 என்றால் 204. எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள், ஆனால் நானுஓயா ஏற்றத்தில் பாரத்தோடு நின்று கிளம்பும்போது கைகொடுப்பது டோர்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் விசை. 2.8 ஓட்டோ கியரில் 500 நியூட்டன் மீட்டர், அதுவும் எஞ்சின் நிமிடத்துக்கு 1,600 சுற்றிலேயே முழுசாகக் கிடைக்கும். அதே எஞ்சின் மேனுவல் கியரோடு வந்தால் 420தான், 2.4இன் 400க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது, அப்புறம் எதற்குக் கூடக் காசு?

இறக்கம் வேறு விஷயம். ரம்பொடைப் பக்கம் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும், எந்த எஞ்சினானாலும் கீழ் கியர்தான், ட்ரெயிலருக்குத் தனி பிரேக்கும் வேண்டும்.

ட்ரெயிலர் இல்லையென்றால் 2.4 தாராளம். எனக்கு 2.8 ஓட்டோ. விலையைச் சொன்னதும் வீட்டில் முகம் மாறுகிறது, அது தனிக் கதை.